பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு சிலிண்டர்

2005 ஜூன் 5, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. துணி ஒன்றும் காயவில்லை. சிந்துவின் யூனிபார்மை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். ஈர வாடை போகவில்லை என்று மூக்கைச் சுளிக்கிறாள். இருக்கும். எனக்கு எந்த வாடையும் தெரிவதில்லை. சுக்குக் கிடங்கில் சேர்ந்து கொஞ்ச வருஷத்திலேயே மூக்கு செத்துவிட்டது. சுக்குத் தூசி, சுண்ணாம்புத் தூசி, பக்கத்துக் கிடங்கின் மிளகாய் நெடி. மட்டாஞ்சேரி பஜாரில் வேலை பார்க்கிற பாதிப் பேர் இப்படித்தான்.

அவர் தோப்பும்படிக்குப் போனார், பேபிச்சன் ஒர்க்‌ஷாப்புக்கு. ஆட்டோவைக் கேஸுக்கு மாற்றுகிறாராம். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். பெட்ரோல் விலை ஒரு பக்கம், புகை டெஸ்ட் ஒரு பக்கம். ஆட்டோக்களெல்லாம் கேஸுக்கு மாறினால் ஊருக்கு நல்லது என்று டிவியிலும் சொல்கிறார்கள்.

சாயங்காலம் வந்தவர் நேராகச் சமையலறைக்குள் போனார். ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டரைத் தோளில் தூக்கினார். அடுப்பில் சாயா பாதிக் கொதி.

"எங்க கொண்டு போறீங்க?"

"வண்டிக்குத்தான்."

ஜூன் 6, திங்கள்

பார்த்துவிட்டேன். பின்சீட்டுக்குப் பின்னால், சாமான் வைக்கிற இடத்தில், நம் வீட்டுச் சிலிண்டரைச் சாய்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. சமையலறை ரெகுலேட்டர், சமையலறைக் குழாய். இன்ஜின் அதற்கடியில். மேலே ஒரு சாக்கு. சாக்கின் மேல் பிள்ளைகளின் புத்தகப் பைகள்.

மொத்தம் ஆறு பிள்ளைகள். தெருக்கோடியிலிருந்து மூன்று பேர், அடுத்த வீட்டு ரம்லா இத்தாவின் அன்சாரும் ஷாஹினாவும், பிறகு நம் சிந்து. ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். வாசலில் நின்று கை காட்டினேன்.

யாரிடம் சொல்ல. நல்லவேளை, நேற்றுப் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். அவர் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், வாசிப்பது மலையாளம் மட்டும். இது எனக்கு மட்டும்.

சிந்து ஒரே குஷியாக வந்தாள். பள்ளியில் இன்று சுற்றுச்சூழல் தினம், நேற்று ஞாயிறாகிவிட்டதே. புகையில்லாத ஆட்டோ ஒன்று வரைந்தாளாம். "என் அப்பாவோட வண்டி கேஸில ஓடுது டீச்சர்" என்றாளாம். டீச்சர் எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கை தட்ட வைத்தாராம். கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! படத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

படுக்கும்போது கேட்டாள்: "அம்மா, பூமி சூடாகிக் கடல் மேல ஏறி வருமாம். நம்ம வீடு முங்கிப் போகுமா?" நாளைக்கே இல்லை என்றேன். அவள் பயம் அவளுக்கு.

ஜூன் 8, புதன்

மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

இன்று கேட்டேவிட்டேன். வண்டிக்கென்று தனி டாங்க் இருக்கிறதே, தனி வால்வு, அரசாங்க முத்திரை, அதைப் போட்டால் என்ன?

"அதுக்குக் காசு வேணாமா? போட்டாலும் கேஸ் அடிக்கக் கலூர்ப் பக்கம் போகணும். அங்க க்யூ நிக்கிற நேரத்துல நாலு சவாரி போகும். எல்லாரும் கேஸுக்கு மாறுன்னு சொல்லத் தெரியுது, பங்க் எங்கன்னு கேட்டா ஆள் இல்ல."

அவர் சொல்வதில் பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

"பேபிச்சன் எத்தனை வண்டிக்கு வச்சுக் கொடுத்திருக்கான்னு தெரியுமா? ஒண்ணும் ஆகாது. நீ சும்மா பேடிக்காதே." பயத்துக்கு இங்கே பேடி.

ஒண்ணும் ஆகாது. எங்கள் சாத்தூர்ப் பக்கத்தில் இந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தேன். பட்டாசு ஷெட்டில் போர்மேன் தினமும் சொல்வார். அது வெடித்த அன்று பெரியம்மா மகள் ராசாத்தி உள்ளே இருந்தாள். அவளை முகம் மூடித்தான் கொண்டுவந்தார்கள், எங்களைப் பார்க்க விடவில்லை. இங்கே இவர்களுக்கு நெருப்பு என்றால் அடுப்பு, விளக்கு. எனக்கு அப்படி இல்லை.

ஜூன் 9, வியாழன்

சிலிண்டர் தீர்ந்து வேறொன்று வந்திருக்கிறது. சாக்குக்குக் கீழே சிவப்பு புதுசாக இருந்தது. எங்கே கிடைத்தது என்றேன். "கிடைக்கும்."

வீட்டில் மரத்தூள் அடுப்பு. மரத்தூள் ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்து, தொண்டை கட்டி, சிந்துவும் சேர்ந்து இருமுகிறாள். சுவரில் புகையில்லாத ஆட்டோ. கீழே நான் புகைக்குள். அவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார், நானும் சிரித்துவிட்டேன். பிறகு கோபமாக வந்தது.

கப்பைக் கிழங்கு வேக இரண்டு மடங்கு நேரம்.

ஜூன் 10, வெள்ளி

வாங்க:
சோப்பு
காய்ந்த மிளகாய் (கிடங்கில் கேட்கக் கூடாது, போன தடவையே முறைத்தார்கள்)
சிந்துவுக்குக் குடை
மண்ணெண்ணெய்
கேஸ் குழாய், நல்லது, இரண்டு க்ளிப்

குழாய் வாங்கிக் கொடுத்தேன். "பேபிச்சன்கிட்ட கொடுக்கிறேன்" என்று டாஷ்போர்டுக்குள் போட்டார்.

ஜூன் 13, திங்கள்

சிந்து பள்ளி வாசலில் வாந்தி எடுத்திருக்கிறாள். தலை சுற்றியதாம். "வண்டிக்குள்ள கேஸ் மணம் அம்மா, அன்சாரும் சொன்னான். அப்பா படுதாவைத் தூக்கிவிட்டாங்க, மழையெல்லாம் உள்ள வந்துச்சு."

அவர் சாயா குடிக்க உட்கார்ந்த நேரத்தில் வண்டிக்குப் போய்க் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? சோப்பு நுரை கலக்கிக் கொண்டுபோய்க் குழாயின் கழுத்தில் தடவினேன், சிலிண்டர் கொண்டுவரும் பையன் செய்வதுபோல. குமிழி வந்தது. ஒன்று, அதை அடுத்து இன்னொன்று. நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் மாறியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். க்ளிப்பைத் திருகி இறுக்கினார். குமிழி நின்றது.

"இப்ப போச்சில்லே?"

என் புதுக் குழாய் இன்னும் டாஷ்போர்டுக்குள்தான்.

ஜூன் 14, செவ்வாய்

சிந்துவை நடத்தியே கூட்டிப்போனேன். வண்டியில் போனால் வாந்தி வருகிறது என்று அவரிடம் சொன்னேன். அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஹார்ன் அடித்தார்.

ரம்லா இத்தா தன் பிள்ளைகளை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "மோளு சிந்து ஏறலையா?"

"வாந்தி இத்தா."

"அய்யோ பாவம்" என்றாள். அன்சார் உள்ளேயிருந்து சிந்துவுக்கு நாக்கு நீட்டினான். வண்டி போய்விட்டது.

நாள் முழுக்கக் கிடங்கில் கை மட்டும் வேலை செய்தது. லாரியிலிருந்து பலகையை யாரோ தடாலென்று போட, நான் முறத்தை எறிந்துவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர், "செல்விக்கு எந்தா பற்றி?" என்றார். என்ன ஆச்சு என்று என்ன சொல்ல. பள்ளி இருக்கும் திசையில் புகை ஏதும் எழும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

ஜூன் 15, புதன்

சண்டை. அக்கம்பக்கம் கேட்டிருக்கும்.

"மாநகராட்சியில தெரு கூட்டி எங்கப்பா என்னை வளர்த்தாரு. எனக்கு இந்த ஒரு வண்டிதான். ஸ்கூல் ட்ரிப் போச்சுன்னா மாசத் தவணை எங்க போய் கட்டுவேன்?"

"பிள்ளைங்க உசிரு?"

"நீ நெசமாவே பேடிச்சிருந்தா மத்த வீட்லயும் போய்ச் சொல்லியிருப்பே. சொல்லலையே. உன் பிள்ளையை மட்டும் இறக்கிட்டே. அப்ப அது பேடியா, வேற என்ன?"

குத்திக்காட்ட வேண்டும் என்று சொன்னதில்லை அவர், வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் சரியாக வந்து விழுந்தது. அழுதுகொண்டே அரிசி களைந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 16, வியாழன்

கொஞ்சம் வெயில். துணியெல்லாம் போட்டேன்.

ரம்லா இத்தா வீட்டுப் பாத்திரம் ஒன்று இங்கே கிடந்தது. அதைச் சாக்காக வைத்துப் போனேன். இத்தா ஷாஹினாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தாவின் வீட்டுக்காரர் ஷார்ஜாவில், இவள் தனியாக இரண்டையும் வளர்க்கிறாள். ஷாஹினாவுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, என்னிடம் ஈ என்று காட்டியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "மழை விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் எல்லா வீட்டுக்கும் தெரியும். ட்ரிப் போகும். போலீஸ் வரும். வண்டியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சொன்னால் ஒரு பயம், சொல்லாவிட்டால் ஒரு பயம்.



ஜூன் 17, வெள்ளி

இத்தாவே வந்தாள். நான் அடுப்படியில். புகைக்குள் வந்து பக்கத்தில் குந்தினாள். எங்களோடு பேசும்போது பாதி தமிழ் கலந்து பேசுவாள்.

"செல்வி, உள்ளது சொல்லு. வாந்தி ஒன்னும் இல்லல்லோ?"

சொல்லிவிட்டேன். சிலிண்டர், குழாய், குமிழி, எல்லாம். சொல்லும்போது அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. திட்டுவாள், அடிப்பாள் என்று இருந்தேன்.

"எனக்கு அறியாம்" என்றாள். தெரியுமாம். "போன வாரம் கொண்டு போனது என்டெ வீட்டுக் குற்றியாக்கும். எனக்கு ரெண்டு குற்றி இருக்கில்லே. நின்டெ முருகேசன் வந்து கேட்டான், நான்தான் கொடுத்தேன்."

கேஸ் சிலிண்டரைக் குற்றி என்றுதான் இங்கே சொல்வார்கள். எனக்குப் புரிந்தும் புரியாததுபோல் இருந்தது. தெரிந்துமா பிள்ளைகளை ஏற்றினாய் என்று கேட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நின்டெ மோளு அதில போயிட்டு இருந்துதில்லே. பெத்த அம்மா ஏத்தி விடுறா, அப்ப பேடிக்க ஒன்னும் இல்லன்னு நான் நினைச்சு. நின்னைப் பாத்துத்தான் செல்வி நான் என் பிள்ளைங்களை ஏத்தினது."

எழுந்து போகும்போது கேட்டாள், "திங்களாழ்ச்ச நின்டெ மோளு போகுமோ?" நான் அடுப்பை ஊதினேன்.

ஜூன் 19, ஞாயிறு

அவர் அயிலை வாங்கி வந்தார். நல்ல மீன். மனசு சரியாக இருந்தது அவருக்கு. ஓணம் கழிந்ததும் சொசைட்டியில் லோன் எழுதி முறையான கேஸ் கிட் போட்டுவிடலாம் என்றார். சிந்துவின் தலையைத் தடவி, "நாளைக்கு அப்பாகூட வா மோளே, வாந்தி வராது. அப்பா புதுக் குழாய் போட்டாச்சு" என்றார்.

போய்ப் பார்த்தேன். போட்டிருக்கிறார். சோப்பு தடவினேன். குமிழி இல்லை.

ஓணம் ஆவணியில். இப்போது ஆனிதான். அதுவரைக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். போர்மேன் குரல்தான் கேட்டது.

ஜூன் 20, திங்கள்

மழை இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்தது நடந்தபடி.

வண்டி வந்தது. தெருக்கோடிப் பிள்ளைகள் மூவரும் உள்ளே. ரம்லா இத்தா தன் வாசலில், இரண்டு கையிலும் இரண்டு பேர். வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்து என் கையில். உள்ளே இருந்த சின்னப் பெண் சிந்துவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.

"கேறு மோளே" என்றார் அவர்.

பேச வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், ராத்திரியே வார்த்தையெல்லாம் யோசித்திருந்தேன். அதெல்லாம் விட்டு, வண்டிக்குப் பின்னால் போய் மூன்று பைகளையும் எடுத்துப் படியில் வைத்தேன். சாக்கை இழுத்தேன். தெருவில் பால் வாங்க நின்றவர்கள், தையல்கடைக்காரர், எல்லோரும் பார்த்தார்கள். சிவப்புச் சிலிண்டர், கம்பிக்கட்டு. "இறங்குங்க பிள்ளைங்களா" என்றேன். இறங்கினார்கள்.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி இருந்தார். அந்த முகத்தைக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு ஸ்டார்ட் லீவரை இழுத்தார், போய்விட்டார்.

இத்தாவும் நானும் ஆறு பேரையும் நடத்திக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் அன்சார் தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டே வந்தான். இத்தா என் தோளில் கை வைத்தாள். பள்ளி வாசலில் மூச்சு விட்டேன்.

கிடங்குக்குப் போகவில்லை. சோறு, அயிலைக் குழம்பு மிச்சம். மத்தியானம் சாப்பிட வந்துவிடுவார், எத்தனை கோபம் என்றாலும் வருவார். வரவில்லை. ஸ்டாண்டில் போய்க் கேட்டேன். இங்கே வரவே இல்லை, காலையில் பாலம் ஏறிப் போவதைப் பார்த்தோம் என்றார்கள். பேபிச்சன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன், அங்கேயும் இல்லை.

இத்தனை நாளும் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தானே பிள்ளைகள் அதில் இருந்தார்கள். மிச்ச நேரமெல்லாம் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டியது அவர். ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை.

பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். இருட்டுகிறது. அவர் இன்னும் வரவில்லை.