ஏரிக்கடியில் ஒரு கப்பல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காம போடறாரா?

அடுத்த வாரம் இந்த ஏரியைத் தூர்வாரறதா இருந்தாங்க. எங்க ஆய்வுக் குழு தண்ணிக்குள்ள விட்ட கருவியில தெரிஞ்ச நிழலை எல்லாரும் பாறைன்னு விட்டுட்டாங்க. நான்தான் அடம்பிடிச்சு நேத்து முங்கிப் பார்த்தேன். கப்பல்மா, முழுக் கப்பல். உப்பில்லாத தண்ணியில நூறு வருஷமா மரம் அரிச்சுப்போகவே இல்லை, பாய்மரம்கூட நிமிர்ந்து நிக்குது. திரும்பறப்போ காலில் கயிறு சுத்திக்கிச்சு. கூட முங்கின அக்கா உடனே அறுத்துவிட்டாங்க, பயப்படாதே.

மேலே வந்ததும் எங்க தலைவர், "தூர்வாரறதை நிறுத்தச் சொல்லிட்டேன். உன் பிடிவாதம் யார்கிட்டேர்ந்து வந்தது?" என்றார். உன்னைத்தான் சொன்னேன்.

இங்கே குளிர் ஜாஸ்தி. போர்த்திக்க உன் பழைய புடவை ஒண்ணு அனுப்பு. துவைக்காம அனுப்பு.

படகு கிளம்புது, கூப்பிடறாங்க.

உன் மகள்