மெஷின் படத்துக்கு வந்த நோட்டீஸ்

3 மார்ச் 2025, திங்கள்

இணையப் பக்கங்களுக்குச் சர்வரில் இடம் வாடகைக்கு விடும் என் தம்போய் ஆபிஸைத் திறந்ததும் மின்னஞ்சல். என் சர்வரில் வாசுகி நடத்தும் இணையப் பக்கத்தின் ஆறு படங்களும் தங்கள் பதிப்புரிமையாம். அனுப்பியது அவள் கணவர் மனோகரன் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலை. அவர் மூன்று விரல்களை இழந்த மெஷினின் படங்கள் அவை; தடுப்பு மூடியே இல்லாத மெஷின். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவற்றை நீக்காவிட்டால் என்மேல் வழக்கு. மெஷின் அவர்களுடையது, சரி. படமுமா?

5 மார்ச்

நீக்கிவிட்டேன்.

6 மார்ச்

வாசுகி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா, எலைன் அக்கா?"

கேட்கவில்லை. இன்னும் அறுபது பேருடைய பக்கங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன, பயந்துவிட்டேன் என்றேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

மறுப்புக் கடிதம் கொடுக்கலாம். ஆனால் படம் எடுத்தவர் யாரென்று காட்ட வேண்டும். பெயர், வீட்டு முகவரி எல்லாம் தொழிற்சாலைக்குப் போகும். எடுத்தது ஜீவன். மனோகரனோடு ஒரே ஷிப்டில் நின்றவன், இரண்டு பிள்ளைக்காரன். இன்னும் அங்கேதான் வேலை.

பொய் சொல்கிறவனுக்கு அரைப் பக்கக் கடிதம் போதும். உண்மை சொல்கிறவன் சோற்றைப் பணயம் வைக்கணுமா? என்ன சட்டம் இது?

8 மார்ச், சனி

ஜீவன் யூனிஃபார்மோடே வந்தான். யோசித்துச் செய் என்று நானே தடுத்தேன்.

"மனோ அண்ணன் கைய துணியில சுத்துனது நான்தான்க்கா" என்றான். மறுப்புக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். திங்களன்று அனுப்புகிறேன். அதன்பின் பத்து வேலை நாளுக்குள் அவர்கள் வழக்குப் போடாவிட்டால் படங்களைத் திரும்ப ஏற்றலாம்.

13 மார்ச்

ஜீவனை வேலையை விட்டு நிறுத்திக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். கைபேசியை உள்ளே கொண்டுபோய்ப் படம் எடுத்தானாம்.

பாவிங்க. படம் எங்களுதுன்னு எழுதுனவனுங்க, அவன்தான் எடுத்தான்னு சொல்லி அவனையே வெளிய தள்ளுறானுங்க! நோட்டீஸ் பொய்யென்று அவர்களே ஒப்புக்கொண்ட கடிதம் இது. இந்தப் பொய்க்காகத்தானே நான் அன்றைக்குப் படங்களை நீக்கும் பட்டனை அழுத்தினேன்?

26 மார்ச்

பத்து வேலை நாளும் முடிந்தது. அவர்கள் வழக்குப் போடவில்லை. போட முடியாது என்று முதலிலேயே தெரிந்திருக்கும்.

படங்களைத் திரும்ப ஏற்றும்போது ஜீவன் பக்கத்தில் நின்றான். பாசிர் கூடாங்கில் வேறொரு தொழிற்சாலையில் வேலை கேட்டிருக்கிறானாம், இன்னும் பதில் இல்லை.

"எடுத்தது யாருன்னு போடலியா?" என்றான்.

புதிய இடத்துக்காரர்கள் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"பாக்கட்டும்க்கா."

ஆறு படங்களுக்குக் கீழும் அவன் பெயரை அடித்தேன்.