அய்யா அனுப்பிய புல்வேர்

அன்புள்ள அய்யாவுக்கு,

உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா? ஆடுகள் சுகமா? டேராடூன் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் அம்மா கேட்டுப் பயந்துவிடுவார் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய புல்வேர்களை நுண்ணோக்கியில் பார்த்தேன். புல்லுக்குத் தண்ணீரும் சத்தும் தேடித்தரும் பூஞ்சை இழைகள் வேருக்குள் இருக்கும். பள்ளிக்கூட வேலிக்குள் வளர்ந்த புல்லில் அவை நிறைய இருந்தன. நம் ஆடுகள் ஒட்ட மேய்ந்த புறம்போக்கில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

தமிழரான என் பேராசிரியர், "அங்கே மேய்ச்சலையே நிறுத்தச் சொல்லி அதிகாரிகளுக்கு எழுதலாம்" என்றார். திருச்சுழிப் பக்கம் நமக்கு வேறு நிலம் ஏது?

"ஆட்டை விரட்டிராதீங்க சார். நெலத்துக்கு ஓய்வு குடுத்தா இழை திரும்புதான்னு பாப்போம்" என்று கெஞ்சினேன். மழைக்காலம் முடியும்வரை பொறுக்கச் சம்மதித்தார்.

அதுவரை புறம்போக்கில் ஓடைக்கரைப் பக்கம் மட்டும் ஆடுகளை விடாதீர்கள். பாண்டீஸ்வரன் சித்தப்பாவிடம் காரணம் சொல்லவேண்டாம். "வேலி போட்டா எங்க போறது?" என்று ஊரைக் கூட்டிவிடுவார்.

மழைக்குப் பின் துளிர்க்கும் புல்லை மண்ணோடு பிடுங்கி அனுப்புங்கள். தனிப் பொட்டலத்தில் கொஞ்சம் கருவாடும் வையுங்கள். இங்கே வாசனைக்குக்கூடக் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அய்யா, இந்த வருஷம் மழை பெய்யாவிட்டால் பேராசிரியரிடம் நான் எதைக் காட்டுவேன்?

உங்கள் மகள்
சுகந்தி