ஒரே வாசல்

தெக்காமாக்,
10 பிப்ரவரி 2003

என் அன்பு எவரிஸ்தோ,

நானும் நம் குட்டி ரெனாத்தாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முழுதாக எழுத முடியவில்லை. மெக்சிகோ நகரப் புகைக்குப் பயந்துதானே இவளைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவந்தோம்? அங்கே ஒரு மாதம் வந்த, மூச்சிரைப்புக்கு இவள் வாயில் உறிஞ்சும் மருந்து இங்கே இரண்டு வாரத்தில் தீர்கிறது. வானம் நீலமாகத்தான் இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை.

பள்ளிக்கூடம் நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் குடியிருப்புச் சுவருக்கு அந்தப்பக்கம். மணி அடிப்பது சமையலறைக்குக் கேட்கிறது. ஆனால் குடியிருப்பின் ஒரே வாசல் வழியாக வெளியேறி, நெடுஞ்சாலையில் ஐந்து கிலோமீட்டர் சுற்ற வேண்டும். புகையைக் குறைக்கவென்று நம் வண்டி எண்ணுக்கு வியாழக்கிழமை ஓட்டத் தடை இல்லையா, அதற்காக எல்லோரையும் போல நானும் வேறு எண்ணில் ஒரு ஓட்டை வண்டி வாங்கிவிட்டேன். திட்டாதே. "அம்மா, இதுவும் என்னைமாதிரியே இருமுது" என்கிறாள் உன் மகள்.

உன் ஒதிலியா

எர்மோசியோ,
24 பிப்ரவரி

என் ஒதிலியாவுக்கு,

புது வீட்டு சிமென்ட் தூசியாக இருக்கும். ஜன்னலைச் சாத்திவை, டாக்டரை மாற்று. நீ ஓட்டினால் நல்ல வண்டியே இருமும், அது வேறு. சுவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேச்சு வளர்க்காதே. பாதுகாப்புக்குத்தானே கட்டியிருக்கிறார்கள்.

எவரிஸ்தோ

தெக்காமாக்,
7 மார்ச்

எவரிஸ்தோ,

டாக்டரை மாற்றினேன். எப்போது இருமுகிறாள் என்று கேட்டார். யோசித்தால், காலையில் அந்த வாசலில்தான். எண்ணூறு வீட்டு வண்டிகளும் இன்ஜினை அணைக்காமல் முக்கால் மணி நேரம் அங்கே நிற்கின்றன. புகைக்குப் பயந்து வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு வண்டி வைத்திருக்கிறோம். யாரைக் குறை சொல்வது, நான் உட்பட?

எதிர்வீட்டு தோன்யா கூக்கா சொன்னாள்: "இந்தச் சுவத்தை வரைஞ்சவன் புள்ள பெத்தவனா இருக்கமாட்டான்டி." சிரித்துவிட்டேன். நீயும் இந்தக் குடியிருப்பைக் கட்டிய அதே கம்பெனிதானே, யார் வரைந்தது என்று விசாரி. சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்தால் போதும், ரெனாத்தா நடந்தே போய்விடுவாள்.

ஒதிலியா

எர்மோசியோ,
20 மார்ச்

ஒதிலியா,

வரைந்தது நான்.

முதல் வரைபடத்தில் நம் சந்து பள்ளிக்கூடம்வரை போனது. மூடிய குடியிருப்புதான் விற்கும் என்றார் மேலாளர். அரைமணி நேரத்தில் தெருவை அழித்துச் சுவர் போட்டேன். பிறகு ஊழியர்களுக்கு வீடு ஒதுக்கியபோது, சந்தின் கடைசி வீடு அமைதியாக இருக்குமென்று நானே அதைக் கேட்டு வாங்கினேன். அது எதனால் அமைதி என்றுகூட யோசிக்கவில்லை.

இங்கே கட்டப்போகும் குடியிருப்புக்கும் அதே வரைபடம்தான் என் மேசைமேல் கிடக்கிறது, அதே ஒற்றை வாசல். மாட்டேன் என்றால் வேலை போகும், வேலையோடு அந்த வீடும் போகும். உங்களை எங்கே வைப்பேன்? பழைய புகைக்கே கூட்டிப்போவதா? எது சரியென்று தெரியவில்லை. நீ சொல்.

எவரிஸ்தோ

தெக்காமாக்,
2 ஏப்ரல்

எவரிஸ்தோ,

மூன்று முறை படித்தேன். உன்மேல் வருவது கோபமா பரிதாபமா என்று எனக்கே விளங்கவில்லை. தோன்யா கூக்காவிடம் சொல்லவில்லை. "யாரும்மா இங்க சுவர் வச்சாங்க?" என்று ரெனாத்தா கேட்டாள். தெரியாது என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

எங்களை எங்கே வைப்பது என்று நீ கவலைப்படாதே, கிடைக்கிற இடத்தில் இருந்துகொள்வோம். அங்கே அந்தத் தெருவை வரைந்து கொடுத்துவிட்டு வா, வேலை போனாலும் வா. சுவரை வரைந்துவிட்டு வருவதானால், வராதே.

ஒதிலியா