படத்துக்குள் கண் திறந்த உன் அம்மா

ஷாம் ஷூய் போ,
1994 நவம்பர் 6

அன்பு மகன் சீ ஹாங்குக்கு,

இங்கே நானும் அம்மாவும் எங்கள் வழக்கமான சண்டையோடு இருக்கிறோம், டொரொண்டோக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா என் வாயைக் கட்டியிருந்தாள், இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. சொல்லிவிட்டேன், திட்டினால் திட்டட்டும்.

ஆகஸ்டில் அவள் வண்டி தள்ளிப் பரிமாறும் தேநீர் விடுதிக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது, உளவாளிப் படங்களைக் கிண்டலடிக்கும் படமாம். கதாநாயகன் துப்பாக்கியை உருவினால் பல் துலக்கும் பிரஷ் வரும், அப்படிப்பட்ட உளவாளி, அவனுக்கு ரகசிய உத்தரவெல்லாம் செத்துப்போன அம்மாவின் சட்டம் போட்ட புகைப்படத்திலிருந்து வரும். இறால் கொழுக்கட்டை என்று இவள் கூவிய தொண்டையைக் கேட்டு டைரக்டர் இவளையே அந்த அம்மாவாகப் பிடித்துப் போட்டுவிட்டார், சட்டத்துக்குள் தலையை நுழைத்து, மேலே கறுப்பு நாடா, கீழே ஊதுபத்தி, அரை நாள். இறந்தவராக நடித்தால் கம்பெனி சிவப்பு உறையில் பணம் கொடுக்கும், அதை அன்றைக்கே செலவழித்தால்தான் தோஷம் போகும், உனக்குத் தெரியாததா. இவளோ அதை பிஸ்கட் டப்பாவில் வைத்து, "ஹாங்குக்குக் கம்பளிச் சால்வை வாங்கணும், நல்லதாப் பாத்து மெதுவா வாங்கிக்கலாம்" என்கிறாள். அறுவைக்கு நாள் குறித்திருக்கிற உடம்பு, எனக்கு வந்ததே கோபம், பதினைந்து நாள் பேசவில்லை. "கல்யாணமானதுலேருந்து இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

போன ஞாயிறு மதியக் காட்சிக்கு என்னை இழுத்துப்போனாள். எதிரிகளிடம் அடிவாங்கி அந்த உளவாளிப் பிள்ளை வந்து மண்டியிட்டு மூன்று ஊதுபத்தி செருகுகிறான், திரை முழுக்க உன் அம்மா முகம், ஒரு கண் மெல்லத் திறக்கிறது. கம்பெனிக்காரர்கள் வசனத்தை அன்றன்றைக்குக் காலையில்தான் எழுதித் துண்டுத்தாளில் கொடுப்பார்களாம், எதிரி முகாமின் ரகசிய எண்ணை இவள் சொல்லவேண்டும், மறந்துவிட்டாள். "இப்பத்தான் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதாடா? சாப்டியா?" என்று வாயில் வந்ததைக் கேட்டாள், அதையே வைத்துவிட்டார்கள். தியேட்டர் இடிந்து விழுகிறமாதிரி சிரிப்பு, எனக்கு முன்னால் இருந்தவன் வறுத்த கணவாயை மடியெல்லாம் கொட்டினான். சீ ஹாங், நான் அசந்துபோனேனடா. அடுப்படியில் என்னைத் திட்டுகிற அதே வாய், அதே முறைப்பு, இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து இவள் யாரென்று தெரியாமல் இருந்திருக்கிறேன். வெளியே ஒரு பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து, "ஆன்ட்டி, எங்கம்மாவும் இப்படித்தான் கேப்பாங்க" என்று அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்திருந்தது.

படத்தில் அந்தப் பிள்ளை வந்தபோது அவள் சட்டத்துக்குள் இருந்தாள், சினிமா என்பதால் கண் திறந்தாள்.

உன் வேலையும் உடம்பும் சிறக்கட்டும், நம் முன்னோர்கள் உன்னோடு இருக்கட்டும். படம் பார்த்த அன்றைக்கே உறையை உடைத்து நீலச் சால்வை வாங்கிவிட்டோம். அஞ்சலில் அனுப்பமாட்டேன், இருபத்தெட்டுக்கு முன்னால் வந்து அவள் கையால் வாங்கிக்கொள். வாசலிலேயே கேட்பாள், பசியோடு வா.

உன் அப்பா,
லாம் பாக் சூன்