வெளியே தூங்கும் குழந்தையும் நான்காம் கேள்வியும்

ஜனவரி 13, சனி

ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு ஆங்கில வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்திருந்தது. என் கதையும் இன்று அதேதான்.

பெரியவர்களுக்கான இந்தச் சனிக்கிழமைப் பள்ளியில் எனக்கு இது இரண்டாம் வருடம். போன ஜூனில் வாய்மொழித் தேர்வில், பச்சைத் துணி விரித்த அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை வராமல் எழுந்து வந்தேன். இந்த ஜூனிலும் தேறவில்லையென்றால் குழந்தைப் பராமரிப்புக் கல்லூரியில் இடம் கிடையாது. இடம் இல்லையென்றால் வேலையும் கிடையாது. வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் எங்களையெல்லாம் அடுத்த வருடத்தோடு நிறுத்திவிட்டு நகராட்சி பெரிய காப்பகம் கட்டுகிறது. அங்கே படித்தவர்களுக்கு மட்டும்தான் வேலை. பல வருடங்களாக இந்த ஊர்ப் பிள்ளைகளை நான்கு நான்காக வளர்த்தவள் நான். ஈரத்துணி மாற்ற ஆங்கிலம் எதற்கு? யாராவது சொல்லட்டும்.

இன்றைய பாடம், படித்துப் புரிந்துகொள்வது. கதை இவ்வளவுதான்: குளிர்காலம். ஒரு அம்மா குழந்தை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வேலை பார்க்கிறாள். குழந்தை வண்டிக்குள் தூங்குகிறது. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போன் செய்கிறாள். நான்காம் கேள்வி: அந்த அம்மா செய்த தவறு என்ன?

மூன்று தரம் படித்தேன். அகராதியைப் புரட்டினேன். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கதையில் இல்லை. வண்டியின் வாரைக் கட்டியிருந்தாளா என்றும் இல்லை. தொப்பியைப் பற்றிப் பேச்சே இல்லை, அப்படியென்றால் போடவில்லை என்றுதானே அர்த்தம்? "குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போடவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் ஆசிரியை லோனே அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். குழந்தையைக் குளிரில் தனியாக வெளியே விட்டதுதான் தவறாம், விடைப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறதாம். அலட்சியம். அதற்கு ஆங்கிலத்தில் நெக்லெக்ட் என்று ஒரு சொல். எல்லோரையும் எழுதிப் பழகச் சொன்னாள்.

யாரைப் பார்த்து என்ன பேச்சு! லோனே இதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், ரிக்கேயின் குழந்தை வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. ரிக்கே எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். குழந்தை அழுதால் கேட்பதற்கு மேசைமேல் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பாள். அதில் குழந்தை மூச்சுவிடுவது கேட்கிறது. இவள் தலையைக் குனிந்துகொண்டு நெக்லெக்ட், நெக்லெக்ட் என்று எழுதுகிறாள்.

"உன் பிள்ளை எங்கடி இருக்கு?" என்றேன்.

"வெளியில. ஏன்?"

"அப்ப என்னத்த எழுதிக்கிட்டிருக்க?"

"பதிலத்தான். மார்க் வேணும்ல?"

வகுப்பே சிரித்தது. நான் புத்தகத்தைப் படாரென்று மூடினேன்.

ஜனவரி 14

ஆறவில்லை. என் அம்மா என்னை வெளியேதான் தூங்க வைத்தாள். நான் என் இரண்டு பிள்ளைகளையும், ஊரார் பிள்ளைகளையும் அப்படித்தான் தூங்க வைத்தேன். வெளியே தூங்கும் பிள்ளை ஆழ்ந்து தூங்கும், எழுந்து நன்றாகச் சாப்பிடும். அப்படியென்றால் இந்தப் பனி நாடு முழுக்க அலட்சியக்காரிகளா? முன்பின் தெரியாத ஒருத்தி புத்தகம் போட்டால், அதை நான் காசு கொடுத்து வாங்கிப் படித்துத் திட்டு வாங்க வேண்டுமா?

கணவர் ஸ்டீனிடம் சொன்னேன். கறுப்பு ரொட்டியின் மேல் மீனை அடுக்கியபடியே, ஒரு வரி எழுதிவிட்டுப் போயேன், யார் குடி முழுகப்போகிறது என்றார். கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சுதான். இன்று தட்டை அவரையே கழுவச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 20, சனி

வகுப்பு முடிந்ததும் லோனேயைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் பிள்ளைங்க எங்க தூங்குச்சு, லோனே?"

"தோட்டத்துல."

"பனியிலயுமா?"

"பனியிலயும்தான். ஆனா பரீட்சையில நான் அதுகள உள்ளதான் தூங்க வைப்பேன். நீயும் வை, மெரெட்டே."

கேள்வி உன் கருத்தைக் கேட்கவில்லை, அந்த எதிர்வீட்டுக்காரி மனதில் என்ன ஓடியது என்பதைக் கேட்கிறது என்று விளக்கினாள். அவள் மனதில் என்ன ஓடும்? அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறவள் மனதில் ஓடுவதுதான் ஓடும். இதைச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. எங்கள் நாட்டு மொழியில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கோட்டை மாட்டிக்கொண்டே, இதில் பாதியை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் தேறிவிடுவாய் என்றாள் லோனே.

பிப்ரவரி 3

வகுப்பில் மறு தேர்வு. அதே கேள்வி. காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

என்னிடம் புதுப் பிள்ளை ஒன்று சேர்ந்திருக்கிறது. ஐவி, பதினோரு மாதம். அப்பா காற்றாலைத் தொழிற்சாலையில் பொறியாளர். அம்மா ஹெதர். இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். நல்லவளாகத்தான் தெரிகிறாள். என்ன, கேள்விமேல் கேள்வி. என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றினேன். சாப்பாடு பதினோரு மணி, தூக்கம் பன்னிரண்டு மணி என்று விரல்விட்டுச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

மார்ச் 5



மத்தியானம் ஒரு மணிக்கு ஹெதர் வந்தாள். வழக்கமாக மூன்றரைக்கு வருகிறவள். நான் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக் கதவு திறக்கிற சத்தம், அப்புறம் ஐவியின் வீறல். ஓடிப் போய்ப் பார்த்தால் இந்தப் பெண் வாரை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் நீர் கொட்டுகிறது. லேசாகத் தூறல். வண்டிக்கு மூடி போட்டிருந்தேன், காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தேன், உள்ளே இறகு மெத்தை, கம்பளி, தொப்பி, எல்லாம்தான். மற்ற மூன்று வண்டியும் வரிசையாக நிற்கின்றன, மூன்று பிள்ளைகளும் தூங்குகின்றன.

அவள் மளமளவென்று பேசினாள். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். நெக்லெக்ட். அதையும் லோனேதானே சொல்லிக் கொடுத்துத் தொலைத்தாள்!

பதில் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. என் தோட்டத்தில், என் வண்டிக்குப் பக்கத்தில், குற்றவாளி மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வாய் இல்லை என்று யாராவது இந்த ஊரில் சொல்ல முடியுமா? இன்று இல்லை. ஐவியைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

எங்கே தூங்கும் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லையாம். நகராட்சி மேற்பார்வையாளர் போனில் கேட்கிறார். எதற்குச் சொல்ல வேண்டும்? தண்ணீரைத் தம்ளரில் கொடுப்பேன் என்று சொன்னேனா? யாராவது இதையெல்லாம் போய்ச் சொல்வார்களா?

மார்ச் 7

ஐவி வரவில்லை. அவள் வண்டி மட்டும் காலியாக நிற்கிறது. வரவே வேண்டாம். நான் என்ன கெஞ்சவா போகிறேன்?

மார்ச் 11, திங்கள்

வந்துவிட்டார்கள். ஹெதரும் ஐவியுமாக.

மேற்பார்வையாளர் பேசி அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை ஐவியை வண்டியில் படுக்க வைத்ததும் ஹெதர் போகவில்லை. தோட்டத்து பெஞ்சில், வண்டியை ஒட்டி, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காவலுக்கு! என் வீட்டில்! சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன். அவள் திரும்பவில்லை.

அப்புறம் பார்த்தேன், அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. குழந்தைக்கு இறகு மெத்தை இருக்கிறது. இவளுக்கு என்ன இருக்கிறது? இரண்டு கோப்பை காப்பியோடு வெளியே போனேன். கோபத்தோடுதான் போனேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

இரண்டு விரலைக் குழந்தையின் பிடரிக்குக் கீழே விட்டுக் காட்டினேன். அவள் விரலையும் பிடித்து அங்கே வைத்தேன். "சூடு," என்றேன் ஆங்கிலத்தில். அவள் விரலை எடுக்கவே இல்லை. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன். இறந்தகாலம் எதிர்காலம் எதுவும் பார்க்கவில்லை, வந்ததைப் பேசினேன். என் அம்மா, என் பிள்ளைகள், இந்த ஊர், எல்லோரும் இங்கேதான். நீ என்னை அந்தச் சொல் சொன்னாய். அது எனக்கு வலிக்கிறது.

மன்னிப்புக் கேட்டாள். அதோடு அவள் சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்தது, மெதுவாகத்தான் சொன்னாள்.

"எங்க ஊர்ல ஒரு குழந்தை வெளியில தனியா, சத்தமில்லாம கெடந்தா, ஏதோ ஆயிடுச்சுன்னுதான் அர்த்தம். வண்டிக்குள்ள அவ அசையல. செத்துப் போயிட்டான்னே நெனச்சேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை எழுந்திருக்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 16, சனி

ஹெதரை மன்னித்துவிட்டேன். அந்தப் புத்தகத்தை இல்லை.

ஜூன் 13

வாய்மொழித் தேர்வு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மூன்றாம் எண் கதை. அரை மணி நேரம் தனி அறையில் படிக்கக் கொடுத்தார்கள். படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாகியது. இங்கிலாந்தில் ஒருத்தி, ஒன்பது வயதுப் பையனைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பமாட்டாளாம். நாலு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறாள். ஒன்பது வயது! என் மகன் ஆறு வயதில் சைக்கிளில் போனான். பையனின் காலைக் கட்டிப்போட்டு வளர்க்கிறவள் அல்லவா அலட்சியக்காரி? நெக்லெக்ட் என்று தாளில் பெரிதாக எழுதினேன். அப்புறம் ஹெதர் உட்கார்ந்திருந்த அந்த பெஞ்ச் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

பச்சை மேசை. ஒரு பக்கம் லோனே, மறுபக்கம் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், தாடிக்காரர். இந்தத் தாய் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று கேட்டார். லோனே தலையைத் தூக்கவில்லை. நான் என்ன சொல்லித் தொலைக்கப்போகிறேனோ என்று அவளுக்குப் பயம்.

"பயம்," என்றேன். "அவளுக்குப் பயம்." போன வருடம் இந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. இந்த வருடம் இதோடு நிற்கவில்லை. பையன் நடந்து போவதை நான் பார்க்கிறேன், அவள் அவன் வராமல் போவதைப் பார்க்கிறாள் என்றேன். ஐவியின் பிடரியைச் சொன்னேன். நீலம் பாரித்த உதட்டைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதோடாவது விட்டேனா? எங்கள் பாடப் புத்தகம் எதிர்வீட்டுக்காரியை மட்டும்தான் கேட்கிறது, அந்த அம்மாவை ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, தவறு என்ன என்று முடிவு செய்துவிட்டுக் கேட்பதற்குப் பெயர் கேள்வி இல்லை, போலீஸ் என்றேன். லோனே கடிகாரத்தைக் காட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

வெளியே நிற்கச் சொல்லி, கூப்பிட்டு, மதிப்பெண் சொன்னார்கள். பன்னிரண்டுக்கு ஏழு! தேறுவதற்கு வேண்டிய இரண்டு கிடைத்தாலே போதும் என்றிருந்தேன். இலக்கணம் சரியில்லை என்றார் தாடிக்காரர். எனக்கே தெரியும் என்றேன்.

ஸ்டீன் கேக் வாங்கி, கொண்டாட்டத்துக்கு வழக்கம்போல் அதில் சின்னச் சின்ன நாட்டுக் கொடிகளாகக் குத்தி வைத்திருக்கிறார். இன்று தட்டை நானே கழுவினேன்.

ஜூலை 26

இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் கல்லூரி. கடைசியாக நான்கு வண்டிகளையும் துடைத்து வைத்தேன். அழுதேன்.

நவம்பர் 16, சனி

கடைத்தெரு. உறைகிற குளிர். ரொட்டிக் கடை வாசலில் குழந்தை வண்டிகள். அதில் ஒன்று ஐவியுடையது, பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். கண்ணாடி வழியாக ஹெதர் தெரிந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த ரிக்கேயோடு காப்பி குடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்குப் பக்கத்தில் மெல்லிய கோட்டில் ஒரு பெண், கையில் போனோடு. ஹெதரின் சாடை அப்படியே. அக்காவாம், நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்தாளாம். தங்கை உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. குழந்தையை இப்படிப் போட்டுவிட்டு எப்படி வருவது என்கிறாள்.

"இவ ரொம்ப மாறிட்டா," என்றாள் என்னிடம். "போலீசக் கூப்பிடலாமான்னுகூடத் தோணுச்சு. சொந்தத் தங்கச்சிய."

ஜனவரியாக இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். பேச எனக்கு இப்போது ஆங்கிலமும் இருக்கிறது.

"தெரியும்," என்றேன்.

உள்ளே போய் இரண்டு கோப்பை காப்பி வாங்கி வந்து, ஐவி எழுந்திருக்கும்வரை அவளோடு வெளியே நின்றேன்.