இட்லிக்கு அரிசி

14.9.2011, புதன்

ஆபீசில் மதியம் என் டப்பாவைத் திறந்ததும் ஹெட்கிளார்க் சார் இரண்டு இட்லி எடுத்துக்கொண்டார். தின்றுகொண்டே, "ரேஷன்ல அரிசிய சும்மா குடுத்து ஜனங்கள சோம்பேறியாக்கிட்டாங்க. நடவுக்கு ஒரு ஆள் கெடைக்கல" என்றார். நானும் தலையாட்டினேன். வழக்கமாக ஆட்டுவதுதான்.

"இட்லி பஞ்சாட்டம் இருக்கும்மா. என்ன அரிசி?"

"கடையில வாங்கினதுதான் சார்," என்றேன்.

பொய். அது ரேஷன் அரிசி. ஆபீஸ் பெருக்கும் செல்வி அக்கா மாதாமாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து தன் வீட்டு அரிசியில் ஐந்து கிலோ கொண்டுவந்து தருகிறார். நான் கேட்டுத்தான் தருகிறார். பதிலுக்குப் பழைய புடவை கொடுப்பேன். மீதி அரிசி அவர்களுக்குப் போதுகிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா அங்கேதான் பெருக்கிக்கொண்டிருந்தார். சார் அவர் பக்கம் திரும்பி, "நீயும்தான் இலவச அரிசி வாங்குற. இந்த மாதிரி இட்லி வருமா?" என்று சிரித்தார்.

நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரேஷன் அரிசில எங்க சார் வரும்? மேடம் வாங்குறது ஒசந்த அரிசி," என்றார் அக்கா.

அவர் கட்டியிருந்தது நான் கொடுத்த புடவை.

நாளைக்கு வேறு டிபன் செய்யலாமென்று நினைத்தேன். மாவு ஏற்கெனவே அரைத்தாகிவிட்டது. கொட்ட மனம் வரவில்லை.